செல்ஃப் சுற்றுது, ஸ்டார்ட் ஆகுதில்லை: எஃப்ஐ பைக்கில் கோளாறு தேடும் வரிசை

எஃப்ஐ பைக் (காபரேட்டருக்குப் பதில் கம்பியூட்டர் சொற்படி இன்ஜெக்டர் பெற்றோல் பீச்சும் பைக்) நின்றுவிட்டால் முதல் பழி பெற்றோல் பம்புக்கு, அடுத்த பழி ‘கம்பியூட்டர் பெட்டி’க்கு. இரண்டும் விலை கூடிய சாமான். எங்கள் மட்டக்களப்புப் பக்கம் கெட்டுப்போகிற வரிசை வேறு. வாவிக்குக் கிழக்கே, கடலோர எழுவான்கரையில் உப்புக்காற்று கனெக்டர் பின்களைப் பச்சை பூக்க வைக்கிறது. வாவிக்கு மேற்கே, வயல் பக்கமான படுவான்கரையில் சூடடிப்புக் காலத்துப் பதரும் கிரவல் ரோட்டுப் புழுதியும் ஏர் ஃபில்டரை அடைக்கின்றன. மாரி தொடங்கினால் இரு கரையிலும் பெற்றோல் டாங்கிக்குள் தண்ணீர். கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கமும் இதேதான். அதனால் கீழே ஒவ்வொரு குறிக்கும் காசில்லாத சோதனை முதலில் வரும், சாமான் மாற்றுவது கடைசியில் வரும். வரிசையைத் தாண்டிப் போகாதீர்கள்.

காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் பைக்குகளையும் ஸ்கூட்டர்களையும் மனதில் வைத்தே எண்கள் தரப்படுகின்றன. உங்கள் மாடலின் சேர்விஸ் புத்தகம் வேறு எண் சொன்னால் புத்தகம் சொல்வதே சரி.

கையில் வேண்டியவை: ஒரு டிஜிட்டல் மீற்றர், பிளக் ஸ்பானர், 8 மற்றும் 10 மி.மீ. ஸ்பானர், கொன்டாக்ட் கிளீனர் ஒரு டின், த்ரொட்டில் கிளீனர் ஒரு டின், பழைய பல் பிரஷ், மூடியுள்ள கண்ணாடிப் போத்தல், நீளமான ஸ்க்ரூ டிரைவர்.

பெற்றோல் குழாயைக் கழற்றும் முன் ஒன்று. எஃப்ஐ குழாயில் பெற்றோல் ஏறத்தாழ 250 முதல் 300 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் நிற்கும். அப்படியே கழற்றினால் சூடான எஞ்சின் மேல் பீச்சும். பம்பின் கனெக்டரைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள், தானாக அணைந்துபோகும். பிறகு 2 செக்கன் செல்ஃப் அடித்து, துணி சுற்றிப் பிடித்துக் கழற்றுங்கள். வெளியில், நிழலில், சிகரெட்டுக்கும் அடுப்புக்கும் எட்டத்தில் வைத்துச் செய்யும் வேலை இது.

## எந்தக் குறியானாலும் முதலில் பற்றரி

காபரேட்டர் பைக் பற்றரி செத்தாலும் தள்ளினால் கிளம்பும். எஃப்ஐ பைக்கில் பம்ப், இன்ஜெக்டர், பிளக், கம்பியூட்டர் நான்கும் அதே பற்றரியில் தொங்குகின்றன. பற்றரி முற்றாக இறங்கியிருந்தால் கல்லடிப் பாலம் முழுக்கத் தள்ளினாலும் பலன் இருக்காது.

சாவி ஓஃப், இரவு முழுக்க நின்ற பைக்: 12.6 வோல்ட் அல்லது மேலே இருந்தால் நல்லது. 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டு வந்து மீதியைப் பாருங்கள்.

செல்ஃப் அடிக்கும்போது: 10 வோல்டுக்குக் கீழே விழுந்தால் பற்றரி தளர்ந்துவிட்டது. 9.6க்கும் கீழே என்றால் மாற்றுங்கள். ஹோர்ன் அடிக்கிறது, லைட் எரிகிறது என்பது சான்றல்ல.

எஞ்சின் ஓடி, 5000 சுற்றில்: 13.5 முதல் 14.5 வரை. 13க்குக் கீழே நின்றால் சார்ஜ் ஆகவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, உடனே நிறுத்துங்கள். அந்த வோல்டேஜில் ஓடினால் கம்பியூட்டரும் சேர்ந்து போகும்.

எர்த் வயரை யாரும் பார்ப்பதில்லை. மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, உலோகம் மின்னும்வரை அரத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே மெல்லிதாக வாசலின் தடவுங்கள். காத்தான்குடி, கல்முனை போன்ற கடற்கரை ஊர்களில் ஒரு மாரியிலேயே இந்த போல்ட் துருப்பிடித்துவிடும்.

## செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

சாவியை ஓன் செய்து காதைக் கொடுங்கள். டாங்கிக்குள் 2, 3 செக்கன் ‘ங்ங்’ என்று பம்ப் இரைந்து நிற்கவேண்டும். இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது.

### இரைச்சல் இல்லை

வலக்கைப் பக்கச் சிவப்பு சுவிட்ச் ஓஃபில் இருக்கிறதா? சிரிக்கவேண்டாம். பிள்ளைகள் விளையாடிய பைக் கராஜுக்கு வருவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

பைக் சரிந்து விழுந்ததா? சாய்வு சென்சர் பம்பை நிறுத்தியிருக்கும். நிமிர்த்தி, சாவியை ஓஃப் செய்து, 10 செக்கன் விட்டு மறுபடி ஓன் செய்யுங்கள். அந்த சென்சரின் ஸ்க்ரூ கழன்று அது சாய்ந்து நின்றாலும் இதே குறிதான்.

பியூஸ். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் மீற்றரால் பாருங்கள். எரிந்த பியூஸுக்குப் பதில் அதே அம்பியரில் போடுங்கள். கம்பி சுற்றிப் போட்டால் அடுத்து எரிவது வயர் கட்டு. புதிய பியூஸும் உடனே எரிந்தால் வயர் எங்கோ உரசுகிறது, அல்லது எலி கடித்திருக்கிறது. நெல் மூட்டை அடுக்கிய அறையில் நிறுத்தும் பைக் என்றால் சீற்றின் அடியையும் டாங்கியின் அடியையும் முதலில் பாருங்கள்.

ரிலே. அதே வடிவ ரிலே பக்கத்தில் இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் சரியென்றால் பம்ப் கனெக்டரில் மீற்றரை வைத்து, ஒருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். அந்த 2, 3 செக்கனில் 12 வோல்ட் அளவு வந்தும் பம்ப் இரையாவிட்டால் பம்ப் பழுது. வோல்டேஜ் வராவிட்டால் பம்பில் குற்றமில்லை. வயர், ரிலே, கம்பியூட்டர் என்று பின்னோக்கித் தேடவேண்டும். டாங்கியின் அடியை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்ட, இறுகிய பம்ப் சிலவேளை சுழலும். வீடு போய்ச் சேர அது போதும். அது திருத்தம் ஆகாது.

பம்ப் கெடுவதற்கு வெறும் டாங்கி ஒரு காரணம். பம்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியுள்ள பெற்றோல். எந்நேரமும் பெற்றோல் முள்ளைக் கடைசிக் கோட்டின் அடியில் வைத்து ஓட்டும் பழக்கம் பம்பின் ஆயுளைக் குறைக்கும்.

### இரைச்சல் இருக்கிறது, பிடிக்கவில்லை

எஞ்சின் லைட் சாவி போட்டதும் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் அல்லது மின்னினால் கீழே உள்ள ‘எஞ்சின் லைட் மின்னுகிறது’ பகுதிக்குப் போங்கள்.

லைட் ஒழுங்கென்றால் பிளக்கைக் கழற்றுங்கள்.

பிளக் நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, தீப்பொறி இல்லை அல்லது பெற்றோல் கூடிவிட்டது. அக்சிலேட்டரை முழுதாகத் திறந்து பிடித்து 5 செக்கன் செல்ஃப் அடியுங்கள். பல மாடல்களில் அப்போது இன்ஜெக்டர் நின்று காற்று மட்டும் போகும். பிளக்கைத் துடைத்து, இடைவெளியைப் புத்தக அளவுக்கு வைத்துப் போடுங்கள். பிளக் மூடியைச் சுழற்றிக் கழற்றி உள்ளே பச்சை இருக்கிறதா பாருங்கள். புதிய பிளக் போட்டும் பொறி இல்லையென்றால், பிளக்குக்கு மின்சாரம் தரும் கொயில்.

பிளக் காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜெக்டரிலும் பிடியைக் காதிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ‘டிக் டிக்’ கேட்டால் மின்சாரம் சரி, வாய் அடைத்திருக்கலாம் அல்லது அழுத்தம் இல்லை. கேட்காவிட்டால் கனெக்டரைக் கழற்றி இன்ஜெக்டரின் இரு பின்களிடையே ஓம் பாருங்கள். ஏறத்தாழ 12 ஓம் வரும். 9க்கும் 15க்கும் இடையே இருந்தால் சுருளில் குற்றம் இல்லை. இன்ஜெக்டருக்குப் பற்றரியிலிருந்து நேரே வயர் கொடுத்து ‘சோதிக்கும்’ வேலை வேண்டாம். சில செக்கனில் சுருள் சூடேறிப் போய்விடும்.

பொறியும் இல்லை, இன்ஜெக்டர் டிக் சத்தமும் இல்லை, பம்ப் மட்டும் இரைகிறது: கிராங் சென்சர் (எஞ்சின் சுற்றுவதைக் கம்பியூட்டருக்குச் சொல்வது) அல்லது அதன் வயர். இரண்டும் ஒன்றாக நிற்பதுதான் அதன் அடையாளம்.

## மழைக்குப் பிறகு மிஸ்ஸிங், விக்கி விக்கி ஓடுகிறது

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், கார்த்திகை தொடங்கித் தை வரை, எங்கள் பக்கத்துக் கராஜ்களில் பாதி வேலை இதுதான். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

பெற்றோலில் தண்ணீர். காபரேட்டர் பைக்கில் சின்னக் கிண்ணத்தைத் திறந்து தண்ணீரை வெளியேற்றலாம். எஃப்ஐ டாங்கியில் அந்த வசதி இல்லை. தண்ணீர் பாரம் கூடியது, அடியில் போய் உட்காரும். பம்பும் அடியிலிருந்துதான் இழுக்கும். அதனால் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் போதும் பைக்கை நிறுத்த. காலையில், பைக்கை அசைக்காமல், மெல்லிய குழாயை டாங்கியின் ஆக அடிக்கு விட்டுக் கைப்பம்பால் 200 மில்லிலீற்றர் எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் 15 நிமிடம் வையுங்கள். வாயால் உறிஞ்சவேண்டாம். அடியில் தெளிவான கோடு விழுந்து குமிழ் குமிழாக ஒரு படலம் நின்றால் தண்ணீர். டாங்கியை முழுதாக இறக்கி, காயவிட்டு, புதுப் பெற்றோல் போடுங்கள். மேலே புதுப் பெற்றோலை நிறைத்துவிட்டால் தண்ணீர் போய்விடாது, அடியிலேயே இருக்கும்.

தண்ணீர் எப்படிப் போனது என்று தேடாமல் விட்டால் அடுத்த மழையில் மறுபடி இதே வேலை. பெற்றோல் மூடியைச் சுற்றிய பள்ளத்தில் ஒரு சின்னத் துளை உண்டு. விழும் மழைத்தண்ணீர் அதன் வழியே குழாயில் இறங்கி நிலத்துக்குப் போகவேண்டும். புழுதி அடைத்துவிட்டால் மூடியைச் சுற்றிக் குளம் கட்டும், திறந்த நேரம் அத்தனையும் உள்ளே விழும். மூடியைத் திறக்கும் முன் துணியால் ஒற்றி, துளைக்குள் மெல்லிய நைலோன் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். அடுத்த சந்தேகம் போத்தல் பெற்றோல். 2022 தட்டுப்பாட்டுக்குப் பிறகு கானில் சேர்த்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் நிலைத்துவிட்டது. கானுக்குள் இரவுக் குளிரில் வேர்க்கும் தண்ணீரும், முன்பு அதே கானில் இருந்த மண்ணெண்ணெயின் மிச்சமும் எஃப்ஐ பைக்குக்கு நஞ்சு. வேறு வழி இல்லாமல் போத்தல் பெற்றோல் வாங்கினால் அடிப்பகுதி இரண்டு விரல் அளவை ஊற்றாமல் விடுங்கள்.

கனெக்டரில் பச்சை. டாங்கித் தண்ணீர் இல்லையென்றால் சென்சர் கனெக்டர்களுக்கு வாருங்கள். சாவி ஓஃப், பற்றரி நெகட்டிவ் கழற்றி. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்: த்ரொட்டில் பாடியில் (அக்சிலேட்டருக்கு ஏற்ப எஞ்சினுக்குக் காற்று விடும் பாகம்) உள்ளவை, இன்ஜெக்டர், எஞ்சின் வெப்ப சென்சர், ஓட்சிசன் சென்சர், பம்ப், கடைசியாகக் கம்பியூட்டர். பின் செம்பு நிறமாகவோ வெள்ளியாகவோ மினுங்கவேண்டும். பச்சை மாவு அல்லது வெள்ளைப் பூ இருந்தால் கொன்டாக்ட் கிளீனர் அடித்து, பல் பிரஷால் தேய்த்து, 10 நிமிடம் காயவிட்டு, சிலிக்கன் கிரீஸ் ஊசி முனையளவு வைத்துப் பூட்டுங்கள். சக்கர கிரீஸ் வேண்டாம், அது புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பின்னை உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும், ஒரு மாதத்தில் பழையபடி பச்சை. பூட்டும்போது ‘டக்’ என்று நாக்கு விழவேண்டும். ரப்பர் வளையம் இல்லாத கனெக்டர் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் திரும்பத் திரும்பக் கெடும்.

பச்சை வயருக்குள்ளேயே ஏறியிருந்தால், அதாவது வயரைச் சற்றுச் சீவும்போது செம்பு கறுத்திருந்தால், சுத்தம் செய்து பயனில்லை. அந்தத் துண்டை வெட்டி, நல்ல செம்பு வரும் இடத்தில் ஈயப்பற்று வைத்து, சுருங்கும் குழாய் போடவேண்டும். கை பழகாதவர்கள் இதை ஓட்டோ எலக்ட்ரீசியனிடம் விடுங்கள்.

## ஸ்டார்ட் ஆகிறது, உடனே அணைகிறது. சுற்று ஏறி இறங்குகிறது

ஏர் ஃபில்டர் முதலில். அடுத்து த்ரொட்டில் பாடிக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழல். கச்சான் காற்றுக் காலத்தில் வெயிலில் நின்று நின்று வெடித்திருக்கும். எஞ்சின் ஓடும்போது ரப்பரைச் சுற்றித் தண்ணீரை மெல்லிதாகத் தெளியுங்கள். சுற்று மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. கிளிப்பை இறுக்கிப் பாருங்கள், போகாவிட்டால் ரப்பரை மாற்றுங்கள்.

பிறகு த்ரொட்டில் பாடி. பட்டாம்பூச்சித் தகட்டின் விளிம்பில் கறுப்புக் கரி வளையம் இருந்தால் ஐட்லிங்குக்கு வேண்டிய காற்று போகாது. கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள், நேரே பீச்சினால் பக்கத்திலுள்ள சென்சருக்குள் இறங்கும். ஒன்றை மட்டும் தொடக்கூடாது: தகட்டின் நிறுத்தத்தில் பெயின்ட் பூசிய சின்ன ஸ்க்ரூ. கம்பனியில் அளந்து பூட்டியது அது. ‘ஐட்லிங் கூட்டுகிறேன்’ என்று திருகினால் த்ரொட்டில் சென்சர் சொல்லும் பூச்சியம் பிசகி, அதற்குப் பிறகு எதைத் திருத்தினாலும் ஒழுங்காக நிற்காது. திருகிக் கிடக்கும் பைக் கைக்கு வந்தால் நேரே ஸ்கேனர் உள்ள இடத்துக்கு அனுப்புங்கள்.

த்ரொட்டில் சென்சர்: கம்பியூட்டரிலிருந்து 5 வோல்ட் வரும். சமிக்ஞை வயரில் மூடிய நிலையில் ஏறத்தாழ 0.5 முதல் 0.7, முழுதாகத் திறந்தால் 4 அளவு. மெல்லத் திறக்க எண் ஏறிக்கொண்டே போகவேண்டும். நடுவில் எங்கோ குதித்தாலோ விழுந்தாலோ சென்சர் தேய்ந்துவிட்டது.

## இழுவை இல்லை, வேகம் ஏறவில்லை

சில்லைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். பிரேக் பிடித்துக்கொண்டு இருந்தால் இன்ஜெக்டரைத் தேடி என்ன பயன்?

ஏர் ஃபில்டர்: வெட்டுக் காலத்தில் சம்மாந்துறை, வெல்லாவெளிப் பக்கம் ஓடும் பைக்குக்குப் புத்தகம் சொல்லும் கிலோமீற்றரில் பாதியில் பாருங்கள். காகித ஃபில்டரில் எண்ணெய்ப் பூச்சு இருந்தால் ஊதிச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

15, 20 நிமிடம் நன்றாக ஓடி, பிறகு இழுவை குறைந்து நின்று, சற்று ஓய்ந்து மறுபடி ஓடினால் பெற்றோல் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, அதன்பின் பைக் கிளம்பினால் டாங்கிக்குக் காற்று விடும் குழாய் அடைத்திருக்கிறது. குளவி மண் வைத்து அடைத்திருப்பது இங்கே சாதாரணம். காசு செலவில்லாமல் முடியும் வேலைக்கு பம்ப் மாற்றியவர்கள் உண்டு.

அதுவும் இல்லையென்றால் அழுத்தம். பெற்றோல் குழாயில் அழுத்த மீற்றர் பூட்டி, சாவி போட்டதும் வரும் அளவையும், அக்சிலேட்டரை முறுக்கும்போது நிற்கும் அளவையும் ஒப்பிடவேண்டும். முறுக்கும்போது விழுந்தால் பம்பின் வடிகட்டி அடைப்பு, அல்லது பம்ப் களைப்பு. வடிகட்டி மட்டும் தனியே கிடைத்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

## கறுப்புப் புகை, பெற்றோல் குடிக்கிறது

ஏர் ஃபில்டர் பார்த்தாயிற்று என்றால் எஞ்சின் வெப்ப சென்சர். அது ‘குளிர்’ என்று பொய் சொன்னால் கம்பியூட்டர் பெற்றோலை அள்ளி ஊற்றும். எஞ்சின் ஆறியபின் பல மாடல்களில் 20 பாகையில் 2.3 முதல் 2.6 கிலோஓம் வரும். நமது 30 பாகை நிழலில் அதைவிடக் குறையும். சூடாக்கச் சூடாக்க ஓம் இறங்கவேண்டும். இறங்காமல் ஒரே இடத்தில் நின்றால் மாற்றுங்கள்.

அடுத்து ஓட்சிசன் சென்சர். எஞ்சின் மூடிக்கு சாதாரண சிலிக்கன் பசை அள்ளிப் பூசிய பைக்குகளில் இது சீக்கிரம் சாகும். அந்தப் பசையின் ஆவிதான் காரணம். சென்சருக்குப் பாதிப்பில்லாதது என்று டியூப்பில் எழுதிய பசையை வாங்குங்கள். கடைசியாக இன்ஜெக்டர் ஒழுகல்: இரவு நின்று காலையில் மட்டும் புகைத்துக் கிளம்பினால் சந்தேகம் அதன்மேல்.

சைலன்சர் மாற்றியபின் அக்சிலேட்டரை விடும்போது ‘பட பட’ என்றால் டியூனிங்குக்கு ஓடவேண்டாம். பைப் சேரும் இடத்தில் புதுக் கேஸ்கெட் போட்டுப் பாருங்கள்.

## சூடேறினால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது

நின்ற அந்த இடத்திலேயே சோதிக்கவேண்டும். ஆறியபின் எல்லாம் சரியாகவே காட்டும். பம்ப் இரைகிறதா, பொறி வருகிறதா? பம்ப் நின்றால் பம்பும் அதன் கனெக்டரும். பொறி மட்டும் நின்றால் கொயில். பொறியும் இன்ஜெக்டரும் சேர்ந்து நின்றால் கிராங் சென்சர். அதன் மேல் தண்ணீரில் நனைத்த துணி வைத்து ஆற்றிக் கிளம்பினால் உறுதி.

## எஞ்சின் லைட் மின்னுகிறது

எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். நீண்ட மின்னல் ஒன்று பத்து, குறுகிய மின்னல் ஒன்று ஒன்று. நீளம் இரண்டு, குறுகல் நான்கு என்றால் 24. நீண்டது ஹொண்டாவில் 1.3 செக்கன், யமஹாவில் 1 செக்கன் எரியும்.

ஹொண்டா: 1 காற்றழுத்த சென்சர், 7 எஞ்சின் வெப்பம், 8 த்ரொட்டில், 9 உள்காற்று வெப்பம், 12 இன்ஜெக்டர், 21 ஓட்சிசன், 29 ஐட்லிங் காற்று வால்வு, 54 சாய்வு சென்சர்.

யமஹா: 12 கிராங் சென்சர், 13 அல்லது 14 காற்றழுத்தம், 15 அல்லது 16 த்ரொட்டில், 22 உள்காற்று வெப்பம், 24 ஓட்சிசன், 28 எஞ்சின் வெப்பம், 30 அல்லது 41 சாய்வு, 33 கொயில், 39 இன்ஜெக்டர், 46 பற்றரி வோல்டேஜ்.

போனில் ‘அண்ணன், 12 மின்னுது’ என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் பதில் சொல்ல முடியாது. ஒரு கம்பனியில் அது இன்ஜெக்டர், இன்னொன்றில் கிராங். மாடலும் ஆண்டும் சேர்த்துச் சொல்லுங்கள். இலக்கம் காட்டுவது அந்தச் சென்சரின் பாதையை. அந்தப் பாதையில் கனெக்டரும் வயரும் உண்டு. சாமான் வாங்கும் முன் அவற்றைப் பாருங்கள்.

## வெள்ளத்தில் மூழ்கிய பைக்

சாவி போடாதீர்கள். பற்றரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் தண்ணீர் அமுங்காது, கொனெக்டிங் ரொட் வளையும். வாவித் தண்ணீர் உப்பு கலந்தது. அதனால் முதலில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், பிறகு காயவையுங்கள். பிளக்கைக் கழற்றி, டொப் கியரில் பின்சில்லை மெல்லச் சுற்றினால் உள்ளே இருப்பது வெளியேறும். எஞ்சின் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் இறக்கி, புது ஒயில் ஊற்றி, 5 நிமிடம் ஓடியபின் அதையும் இறக்கி மறுபடி மாற்றவேண்டும். ஏர் ஃபில்டர் புதிது. டாங்கி முழுதாக இறக்கம். கம்பியூட்டர் பெட்டியைக் கழற்றி, பின்களுக்குள் கொன்டாக்ட் கிளீனர் அடித்து, நிழலில் காற்றோட்டத்தில் இரண்டு நாள் வையுங்கள். ஹெயார் டிரையரைக் கிட்டப் பிடிக்காதீர்கள்.

இந்த இடங்களில் கையை எடுத்துவிட்டு ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்: டாங்கி அல்லது குழாயிலிருந்து பெற்றோல் கசிந்தால், கம்பியூட்டர் பெட்டியைத் திறக்கவேண்டி வந்தால், ஒயில் இரண்டு முறை மாற்றியும் வெளுத்தே நின்றால், பிளக்கைக் கழற்றிச் சுற்றும்போது எஞ்சின் ஒரே இடத்தில் இறுகினால். கொடுக்கும்போது மின்னிய இலக்கத்தையும், நீங்கள் அளந்த வோல்ட், ஓம் எண்களையும் ஒரு துண்டில் எழுதிச் சீற்றின் அடியில் வையுங்கள். அரைநாள் கூலி மிச்சம்.